112, 58, 34, 74: ஒரே பையன், நாலு எண்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் நிலைமை இதுதான். பையனுக்கு இப்போது நாலு வயது இரண்டு மாதம். ஆறு மாதத்துக்கு முன்னால் அரசு மருத்துவமனையில் பார்த்தபோது ஐசா என்ற ஆட்டிச அளவுகோலில் 112, மாடரேட் ஆட்டிசம் என்று எழுதினார்கள். அன்றாடத் திறனைப் பார்க்கும் விஎஸ்எம்எஸ்ஸில் எஸ்க்யூ, அதாவது சமூகத் திறன் எண், 58. மரத்துண்டுகளைக் குழிகளில் பொருத்தும் செகுவின் பலகையில் நாலு வயதுப் பிள்ளையின் திறன். போன வாரம் ஒரு தனியார் மையத்தில் கார்ஸ் என்ற இன்னொரு ஆட்டிச அளவுகோலில் 34, மைல்டு டு மாடரேட், சின்னப் பிள்ளைகளுக்கான விப்ஸி டெஸ்டில் ஐக்யூ 74 என்று கொடுத்திருக்கிறார்கள். யார் சொல்வது சரி, பையனுக்குப் புத்தி குறைவா, சாதாரணப் பள்ளியில் சேர்க்கலாமா என்று மூன்று கேள்வி. நடுவில் "நான்தான் போன் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்கிறார் மாமியார்" என்று ஒரு வரி வருகிறது, அதற்கும் வருகிறேன்.

நான் இந்த டெஸ்ட்களைக் குழந்தைகளுக்கு வைத்து ரிப்போர்ட் எழுதும் வேலையில் பல வருஷமாக இருப்பவள். உங்கள் பையனை நான் பார்த்ததில்லை, அதனால் அவனுக்கு என்ன என்று தீர்ப்பு சொல்ல மாட்டேன். கையில் இருக்கும் காகிதத்தை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன்.

முதலில், இந்த எண்களை ஒன்றோடொன்று மோதவிடாதீர்கள். காய்ச்சல் 102, எடை 15 கிலோ, உயரம் 100 சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தால் இதில் எது சரி என்று யாரும் கேட்பதில்லை, இல்லையா? ஐசாவும் கார்ஸும் ஆட்டிசத்தின் அறிகுறிகள் எவ்வளவு தெரிகின்றன என்று பார்ப்பவை. விஎஸ்எம்எஸ் அன்றாட வேலைகளை அவன் தானாக எவ்வளவு செய்கிறான் என்று பார்ப்பது. செகுவினும் விப்ஸியும்தான் யோசிக்கும் திறனைத் தொடுகின்றன, அதிலும் செகுவின் ஒரு ஓரத்தை மட்டும் தொடுகிறது. மாடரேட் ஆட்டிசம் என்றால் மாடரேட்டான புத்தி என்று அர்த்தமே இல்லை. இந்தக் குழப்பத்தோடு வராத பெற்றோரை நான் அநேகமாகப் பார்த்ததில்லை, சில டாக்டர்கள்கூட அவசரத்தில் அப்படிப் பேசிவிடுகிறார்கள்.

ஐசா நம் நாட்டில் செய்த அளவுகோல். செகந்திராபாத்தில் இருக்கும், அறிவுசார் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் உருவாக்கி 2009-ல் வெளிவந்தது, மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. ஆகவே எந்தச் சிக்கலும் இல்லாத குழந்தைக்கும் ஒவ்வொன்றிலும் 1 விழுந்து மொத்தம் 40 வரும், பூஜ்யம் என்பதே அதில் கிடையாது. 70-க்குக் கீழே ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை மைல்டு, 107 முதல் 153 வரை மாடரேட், அதற்கு மேல் சிவியர். உங்கள் பையனின் 112 மாடரேட்டின் வாசற்படியில் இருக்கிறது. "கண் பார்த்துப் பேசுவதில்லை", "தனியாகவே இருக்கிறான்" மாதிரி ஆறு கேள்விகளில் ஒவ்வொரு மதிப்பெண் குறைத்துப் போட்டிருந்தால் அதே பையன் மைல்டு. கார்ஸில் 15 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4, நடுவில் அரை மதிப்பெண்ணும் உண்டு. 30 முதல் 36.5 வரை மைல்டு டு மாடரேட், 37-லிருந்து சிவியர். 34 அந்தக் கட்டத்தின் நடுவில். ஆக, இரண்டு இடமும் ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருக்கின்றன, பெட்டிக்கு ஒட்டிய பெயர்தான் வேறு. இடையில் ஆறு மாதம் ஸ்பீச் தெரபிக்கு வேறு போயிருக்கிறான்.

சான்றிதழில் 70 சதவீதம் என்று பார்த்து இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது மூளையில் 70 சதவீதம் போய்விட்டது என்பதல்ல. ஐசா மதிப்பெண்ணைச் சதவீதமாக மாற்ற ஓர் அட்டவணை இருக்கிறது, 112 அதில் அந்த வரிசையில் விழுகிறது, அவ்வளவே. 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சலுகைகள் கிடைக்கும் என்பதற்காக இருக்கும் எண் அது. மாற்றுத்திறனாளி அட்டையை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், உதவித்தொகைக்கும் நிராமயா காப்பீட்டுக்கும் பயன்படும். பையனைப் பற்றித் தெரிந்துகொள்ள அதைப் பார்க்காதீர்கள்.

சரி, விஎஸ்எம்எஸ். அதன் முதல் எழுத்து வைன்லேண்ட், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஓர் ஊர், அங்கே உளவியலாளர் எட்கர் டால் 1935-ல் செய்ததை நாக்பூரில் இருந்த மாலின் நம் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றினார். இதில் குழந்தையை யாரும் சோதிப்பதில்லை, உங்களைத்தான் கேட்கிறார்கள். மிட்டாய்த் தாளைத் தானே பிரிக்கிறானா, தண்ணீர் எடுத்துக் குடிக்கிறானா, சட்டையைக் கழற்றுகிறானா, பாத்ரூம் வந்தால் காட்டுகிறானா, ஆபத்தைப் பார்த்து விலகுகிறானா, நடந்ததைச் சொல்கிறானா. வரும் விடைகளை வைத்து ஒரு சமூக வயது கணக்கிட்டு, அதை உண்மையான வயதால் வகுத்து நூறால் பெருக்குகிறார்கள். அன்று அவனுக்கு 44 மாதம், சமூக வயது இருபத்தைந்தரை மாதம், ஆகவே 58.

இப்போது ஒரு கேள்வி, கோபிக்காமல் யோசியுங்கள். அவன் தானாகச் சாப்பிடுகிறானா என்று கேட்டபோது இல்லை என்றீர்களே, அவனால் முடியவில்லையா, இல்லை யாரும் விடவில்லையா? நம் வீடுகளில் நாலு வயதுப் பிள்ளைக்குப் பாட்டி டிவி முன்னால் உட்காரவைத்து ஊட்டுவது சாதாரணம், ஆட்டிசம் இல்லாத பேரனுக்கும் அப்படித்தான். பேசாத பிள்ளை என்றால் இன்னும் அதிகம், பாவம் என்று எல்லாவற்றையும் நாமே செய்துவிடுகிறோம், அவன் கை நீட்டுவதற்கு முன்னால் பிஸ்கட் வந்துவிடுகிறது. இந்த 58-க்குள் அவனுடைய இயலாமையும் இருக்கிறது, வீட்டின் பாசமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்ட அந்த டெஸ்டால் முடியாது, உங்களால் முடியும். மொத்த ரிப்போர்ட்டில் சீக்கிரமாக மாற்றக்கூடிய எண்ணும் இதுதான். "செய்யவில்லை" என்று குறித்தவற்றில் மிகச் சுலபமான மூன்றை எடுத்து இரண்டு மாதம் அவன் கையாலேயே செய்யவிட்டுப் பாருங்கள். சோறு சிந்தும், சிந்தட்டும்.

இனி நீங்கள் உண்மையில் பயந்துகொண்டிருக்கும் எண்ணுக்கு வருவோம். ஐக்யூ 74.

விப்ஸி இரண்டரை வயது முதல் ஏழரை வயது தாண்டும் வரை உள்ள பிள்ளைகளுக்கானது. சராசரி 100. மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் 85-க்கும் 115-க்கும் நடுவில் இருப்பார்கள். 74 என்றால் அதே வயதுள்ள நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் கீழே இருந்து நாலாவது இடம். இவ்வளவோடு நின்றால் அது பயமுறுத்தும் எண்தான். ஆனால் 74 என்பது ஓர் ஒட்டுமொத்தக் கணக்கு, அடுத்த பக்கத்தில் அதன் உள்பிரிவுகள் இருக்கின்றன. நீங்களே தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறீர்கள், அவற்றைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். மொழிப் பிரிவு 62. கண்ணால் பார்த்து வடிவம் சேர்ப்பது 100. புதிய புதிரை யோசித்து அவிழ்ப்பது 94. நினைவில் வைத்து வேலை செய்வது 79. வேகம் 72.

மொழிக்கும் வடிவத்துக்கும் நடுவில் 38 புள்ளி இடைவெளி. ஒன்றில் நூறு பேரில் கடைசி ஆள், இன்னொன்றில் நூறு பேரில் நட்டநடுவில். இப்படிப்பட்ட பிள்ளைக்கு 74 என்று ஒரே எண் கொடுப்பது, ஒரு கால் அடுப்பிலும் ஒரு கால் ஐஸ் கட்டியிலும் இருப்பவனிடம் சராசரியாக வெதுவெதுப்பாக இருக்கிறீர்கள் என்று சொல்வது மாதிரி. ரிப்போர்ட் எழுதுபவர் "பிரிவுகளுக்கு இடையே பெரிய வேறுபாடு இருப்பதால் மொத்த எண்ணைக் கவனத்துடன் கொள்ளவும்" என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. அதற்காக மையத்தை மாற்ற வேண்டாம், அடுத்த முறை போகும்போது கேளுங்கள்.

செகுவின் பலகையும் இதே கதையைத்தான் ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறது. பத்து மரத்துண்டுகள், பத்துக் குழிகள், மூன்று தடவை வைக்கச் சொல்லி அதில் மிகக் குறைந்த நேரத்தை எடுத்துக்கொள்வார்கள். பேச வேண்டியதில்லை, பேச்சு அவ்வளவாகப் புரியவும் வேண்டியதில்லை. மூன்று வயது எட்டு மாதத்தில் அவன் நாலு வயதுப் பிள்ளை அளவுக்குச் செய்தான். ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், புதிர்த் துண்டுகளோடு விளையாடியே வளர்ந்த பிள்ளை இந்தப் பலகையில் கொஞ்சம் கூடுதலாகவே வாங்குவான், அதனால் பையன் ஒளிந்திருக்கும் மேதை என்று சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப் அனுப்பவும் வேண்டாம். கண்ணும் கையும் அவன் வயதுக்குச் சரியாக வேலை செய்கின்றன, மொழிதான் பின்தங்கியிருக்கிறது. இரண்டு டெஸ்ட்களும் சேர்ந்து சொல்வது அதுதான்.

அந்த 62-ஐயும் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். "கேள்விகள் ஆங்கிலத்திலும் தேவைப்பட்டபோது தமிழிலும் கேட்கப்பட்டன" என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. வீட்டில் தமிழ் மட்டும் பேசுகிறீர்கள். யூடியூப் பார்த்து ஏபிசிடியும் ஆங்கில ரைம்ஸும் சொல்கிறான், அதை வைத்து அவனுக்கு ஆங்கிலம்தான் வரும் என்று மையத்தில் நினைத்திருக்கலாம். இது இப்போது அடிக்கடி நடக்கிறது. ரைம்ஸ் ஒப்பிப்பதும் மொழி புரிவதும் வேறு வேறு. நூறு வரை ஆங்கிலத்தில் எண்ணும் பிள்ளை "மூணு பிஸ்கட் எடு" என்றால் விழிப்பான். மொழிப் பிரிவு அவனுடைய தாய்மொழியில் நடக்கவில்லை என்றால் அந்த எண்ணுக்குள் ஆட்டிசம் எவ்வளவு, மொழி மாறியது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. எந்த நாட்டுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டார்கள் என்றும் கேளுங்கள். அப்புறம், ஒரு மொழி மட்டும் பேசுங்கள், அதுவும் ஆங்கிலமே பேசுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசப் பிள்ளைகளுக்கு நஷ்டம் இல்லை என்றுதான் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நீங்கள் மனசோடு பேசுவது எந்த மொழியிலோ அதிலேயே பேசுங்கள்.

வேகப் பிரிவு 72 என்பதிலும் எனக்குச் சந்தேகம். அதில் பூச்சிப் படங்களைப் பார்த்து, அதே மாதிரி இருப்பதன் மேல் மை தோய்ந்த ஒரு முத்திரைக் குச்சியால் குத்த வேண்டும். குத்தினால் அழகாக வட்டம் விழும். எத்தனையோ பிள்ளைகள் அந்த வட்டத்தில் சொக்கிப்போய்ப் பூச்சியை மறந்துவிட்டு பக்கம் முழுக்கக் குத்திவைப்பார்கள், கடிகாரம் பாட்டுக்கு ஓடும். உங்கள் பையன் அப்படிச் செய்தானா என்று நடத்தை பற்றிய பத்தியில் பாருங்கள். பெற்றோர் அநேகமாகத் தாண்டிப்போகும் பத்தி அது, நான் எந்த ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தாலும் முதலில் படிப்பது அதைத்தான். "கவனத்தை ஈர்க்க முடிந்தது, தக்கவைக்க முடியவில்லை" என்று பாதி ரிப்போர்ட்களில் அச்சடித்த மாதிரி இருக்கும். உங்களுடையதிலும் இருக்கிறது, கூடவே "இருக்கையை விட்டு நான்கு முறை எழுந்தான், பெற்றோரின் கைபேசியைக் கேட்டு அழுதான்" என்றும் இருக்கிறது. அப்படியென்றால் 74 என்பது அந்த ஒரு காலையில், தெரியாத அறையில், தெரியாத ஆளிடம் அவன் காட்டியது. அதற்குக் கீழே அவன் இருக்க வாய்ப்பு குறைவு, மேலே இருக்க வாய்ப்பு உண்டு.

இது ஆறுதலுக்குச் சொல்வதில்லை. 2007-ல் ஆட்டிச ஆய்வாளர்களான மிஷல் டாசனும் லோரான் மோத்ரோனும் அவர்களுடைய குழுவும் கனடாவில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு டெஸ்ட்களையும் வைத்துப் பார்த்தார்கள், ஒன்று விப்ஸியின் அண்ணன் மாதிரியான வெக்ஸ்லர், இன்னொன்று பேச்சே தேவைப்படாத ரேவன் படப்புதிர். அதே பிள்ளைகள் ரேவனில் சராசரியாக 30 பர்சன்டைல், அதாவது நூறு பேர் வரிசையில் 30 இடம், மேலே வந்தார்கள். பையனுக்கு ஐந்து வயது முடிந்ததும் ரேவனின் வண்ணப் புத்தகத்தை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், 36 புதிர்தான், அரைமணி நேரம்கூட ஆகாது.

அப்படியானால் புத்தி குறைவா என்ற உங்கள் கேள்விக்கு என்ன பதில்? அறிவுசார் குறைபாடு என்று எழுத இரண்டும் வேண்டும்: ஐக்யூ ஏறக்குறைய 70-க்குக் கீழே இருக்க வேண்டும், அன்றாட வேலைகளிலும் தெளிவாகப் பின்தங்கியிருக்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்து எழுதக்கூடாது. மனநலப் பிரச்சினைகளை வகைப்படுத்தும் கையேடான டிஎஸ்எம்-5 ஐந்து வயதுக்குக் கீழே, சரியாக அளக்க முடியாத நிலையில், அந்தப் பெயரையே வைக்காமல் வளர்ச்சித் தாமதம் என்று சொல்லிவைத்து பிறகு மறுபடி பார்க்கச் சொல்கிறது, காரணம் இந்த வயதில் எண்கள் நிலையாக நிற்பதில்லை. எனவே இன்றைக்கு யாரும் உங்கள் பையனுக்கு அந்த முத்திரையைக் குத்த வேண்டிய அவசியம் இல்லை. ஆறு, ஏழு வயதில் பார்க்கும்போது அது வரவே வராது என்றும் நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 2020-ல் எட்டு வயது ஆட்டிசப் பிள்ளைகளை எடுத்துப் பார்த்தபோது, ஐக்யூ விவரம் இருந்தவர்களில் சுமார் 38 சதவீதம் பேர் 70 அல்லது அதற்குக் கீழே இருந்தார்கள். சின்ன எண் இல்லை. மீதி 62 சதவீதம் பேர் அதற்கு மேலே என்பதும் அதே கணக்குத்தான். மொழி எவ்வளவு வருகிறது என்பதைப் பொறுத்து அவன் எந்தப் பக்கம் என்பது தெரியவரும்.

மாமியார் விஷயம். போன் கொடுத்ததால் ஆட்டிசம் வராது. விர்ச்சுவல் ஆட்டிசம் என்று ஒரு பெயர் சுற்றுகிறது, டிஎஸ்எம்மில் அப்படி ஒரு நோயே கிடையாது. போனைக் குறைப்பது நல்லது, ஏனென்றால் போன் இருக்கும் நேரத்தில் ஆளோடு பேச்சு இருக்காது, அதற்காக மட்டும். அவரிடம் வாதாட வேண்டாம், செகுவின் பலகை மாதிரி ஒரு மரப்புதிரை வாங்கிக் கொடுத்து, பேரனோடு தினமும் பத்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். அவன் செய்வதைப் பார்த்தால் அவரே கொஞ்சம் மாறுவார். ஸ்டெம் செல் ஊசி போட்டால் குணமாகும் என்று யாராவது வந்தால் மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள், தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-லேயே ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லிவிட்டது. நிலத்தை அடகு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பள்ளிக்கூடம். 74-ஐக் கொண்டுபோய்த் தலைமையாசிரியர் மேஜையில் வைக்காதீர்கள். அவருக்குத் தேவையான பக்கம் வேறு: பையனுக்குச் சொன்னால் ஏறாது, காட்டினால் ஏறும். 62-க்கும் 100-க்கும் நடுவில் இருக்கும் இடைவெளிக்கு வகுப்பறையில் அதுதான் அர்த்தம். "எல்லாரும் புத்தகத்தை எடுத்து ஏழாம் பக்கம் திருப்புங்க" என்றால் அவன் சும்மா உட்கார்ந்திருப்பான், அது அடம் இல்லை. ஆசிரியர் தன் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினால் எடுப்பான். அன்றைய வேலைகளைப் படமாக வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டினால் அழுகை பாதி குறையும். இதைச் செய்ய ஒத்துக்கொள்ளும், ஒரு வகுப்பில் இருபத்தைந்து பிள்ளைக்கு மேல் இல்லாத, வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி கிடைத்தால் சாதாரணப் பள்ளியே போதும், ஒரு வருஷம் கீழே எல்கேஜியிலேயே வைத்தாலும் குடி முழுகாது. பெரிய பெயர், ஏசி வகுப்பு, நாற்பது பிள்ளை என்றால் வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்துவிட்டது, ஆட்டிசத்தைக் காட்டிச் சேர்க்கை மறுக்கக்கூடாது, ஆனால் மனசில்லாத பள்ளியில் சட்டத்தைக் காட்டி உட்காரவைப்பதால் நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன லாபம் என்று நான் யோசிப்பதுண்டு.

தெரபி செய்பவரிடமும் இதே பக்கத்தைக் காட்டுங்கள். படம் கொடுத்துக் கேட்டு வாங்கும் முறை ஒன்று இருக்கிறது, பெக்ஸ் என்பார்கள், பந்து வேண்டுமானால் பந்துப் படத்தை எடுத்து உங்கள் கையில் வைக்க வேண்டும். கண்ணால் வேலை செய்யும் இவனுக்கு அது பொருந்தும் என்று தோன்றுகிறது. படம் கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்று பயப்படுவார்கள், அப்படி ஆவதில்லை.

இன்னொன்று. இரண்டு ரிப்போர்ட்டிலும் காது கேட்கும் சோதனை பற்றி ஒரு வரிகூட இல்லை. பெரா அல்லது ஓஏஇ எடுத்திருக்கிறார்களா? எடுக்கவில்லை என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் அதை எடுங்கள், டிவி சத்தத்துக்குத் திரும்புகிறானே என்று விட்டுவிடாதீர்கள். பாதி கேட்கும் பிள்ளையும் திரும்பும்.

மறுபடி டெஸ்ட் எப்போது? விப்ஸியை ஒரு வருஷத்துக்குள் திரும்ப வைக்க வேண்டாம், கேள்விகள் நினைவில் இருந்தால் எண் பொய்யாக ஏறும். ஐந்தரை வயது வாக்கில், தமிழில் வைக்கத் தெரிந்தவரிடம், காலையில், தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு. சளி இருந்தால் தேதியை மாற்றுங்கள். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லலாம் என்றால், அதில்தான் நீங்கள் எடுத்த வீடியோ இருக்கும்: அவன் வீட்டில் புதிர்த் துண்டுகளைச் சேர்ப்பது, தம்பியோடு இருப்பது, எதையாவது கேட்டு அழுவது, தலா இரண்டு நிமிடம். டெஸ்ட் ஆரம்பிப்பதற்கு முந்தைய நாளே அதை அனுப்பிவிடுங்கள்.